6ஜி வெல்டிங் சான்றிதழுக்கு ஒன்றே முக்கால் லட்சம்: கட்டலாமா?

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. பத்தாம் வகுப்பு பாஸ். பிளஸ் டூவில் இரண்டு பாடம் போய்விட்டது. காலேஜ் வேண்டாம், வெல்டிங் கற்றுக்கொள்கிறேன் என்கிறான். தெரிந்தவர் ஒருவர் மூலமாக ஒரு ஏஜென்ட் வீட்டுக்கே வந்து பேசினார். திருச்சியில் 45 நாள் 6ஜி பயிற்சி, சர்டிபிகேட், அதன்பின் சவுதியில் மாதம் 80,000 ரூபாய் வேலை, எல்லாம் சேர்த்து 1,75,000 ரூபாய் என்றார். 20,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்துவிட்டோம். பாஸ்போர்ட்டும் அவரிடம்தான் இருக்கிறது. மீதிக்கு நகையை அடகு வைக்கலாமா? டிகிரி இல்லாமல் இந்த வேலையில் நிஜமாகவே சம்பாதிக்க முடியுமா? (பெரம்பலூர் மாவட்டத்திலிருந்து ஒரு தாய்)

பதில்: அம்மா, நகையைத் தொடாதீர்கள். மீதிப் பணத்தையும் கட்டாதீர்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்குங்கள், நாளைக்கே. பாஸ்போர்ட் சட்டப்படி இந்திய அரசின் சொத்து. உங்கள் மகன் பெயரில் இருக்கிறது, அவ்வளவுதான். விசா வேலை எதுவும் நடக்காதபோது அதை வாங்கி வைத்துக்கொள்ள எந்த ஏஜென்டுக்கும் உரிமை கிடையாது. 'மீதியைக் கட்டினால்தான் தருவேன்' என்று சொன்னால் பேசிக்கொண்டிருக்க வேண்டாம், காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள். அட்வான்ஸ் பணத்துக்கு ரசீது இருக்கிறதா, அல்லது ஜி-பேயில் அனுப்பிய பதிவு இருக்கிறதா என்று இன்றே பார்த்து எடுத்து வையுங்கள்.

சரி, இனி தொழிலைப் பற்றி.

உங்கள் மகன் தேர்ந்தெடுத்தது நல்ல தொழில். நான் 26 வருடம் வெல்டிங் இன்ஸ்பெக்டராக இருந்தவன். வேலை சுத்தமாக இருக்கும் பைப் வெல்டரிடம் எந்த சைட்டிலும் யாரும் டிகிரி கேட்டதை நான் பார்த்ததில்லை. 1965-இல் திருச்சியில் பெல் பாய்லர் ஆலை வந்த பிறகு, துவாக்குடி, திருவெறும்பூர் பக்கம் முழுக்க இரும்பை வெட்டி, வெல்டிங் செய்து பாகங்கள் உருவாக்கும் ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் முளைத்தன. வெல்டிங் ஆராய்ச்சிக்கென்றே ஒரு நிலையம் 1975-இலிருந்து அங்கே இருக்கிறது. ரிஃபைனரி, மின் நிலையம், கப்பல் கட்டும் தளம் என்று எங்கே போனாலும் திருச்சி வெல்டர் என்றால் ஒரு மதிப்பு உண்டு. புதிதாக வருபவனுக்கு உள்ளூரில் மாதம் 15,000 ரூபாயை ஒட்டித்தான் கிடைக்கும். நாலைந்து வருடம் கழித்து நல்ல பைப் வெல்டராகிவிட்டால், ஆலையை நிறுத்தி வைத்துப் பழுது பார்க்கும் ஷட்டவுன் வேலைகளில் நாளுக்கு 1,000 முதல் 1,500 ரூபாய் வரை வாங்குகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். சவுதியில் அனுபவமுள்ள 6ஜி வெல்டருக்கு 1,800 முதல் 2,500 ரியால் வரை விளம்பரங்களில் போடுகிறார்கள். நம் கணக்கில் சுமாராக 40,000 முதல் 60,000 ரூபாய். ஓவர்டைம் தனி. 45 நாள் பழகிய பையனுக்கு 80,000 ரூபாய் என்று ஒருவர் சொன்னால், அவர் பொய் சொல்கிறார்.

இப்போது அந்த 6ஜி. இதைப் புரிந்துகொண்டால் பாதி ஏமாற்றம் போய்விடும். 6ஜி என்பது ஒரு படிப்பு இல்லை, ஒரு பரீட்சை. இரண்டு பைப் துண்டுகளை 45 டிகிரி சாய்வில் நிறுத்தி, அசையாமல் பிடித்துவிடுவார்கள். பைப்பைத் திருப்பக் கூடாது. வெல்டர்தான் அதைச் சுற்றி வர வேண்டும். அடியில் போகும்போது தலைக்கு மேலே பார்த்து அடிக்க வேண்டும், பக்கவாட்டில் கீழிருந்து மேலே ஏற வேண்டும். முதல் ஓட்டமான ரூட் பைப்பின் உள்பக்கம் வரை சீராக உருகி இறங்கியிருக்க வேண்டும். பிறகு எக்ஸ்ரே எடுப்பார்கள், அல்லது துண்டு வெட்டி வளைத்துப் பார்ப்பார்கள். எங்கேயாவது உருகாமல் விட்டிருந்தாலோ அளவுக்கு மீறிக் காற்றுக் குமிழ் நின்றிருந்தாலோ ஃபெயில்.

இந்தப் பரீட்சையைப் பற்றி ஏஜென்ட் சொல்லாமல் விட்ட ஒரு விஷயம் இருக்கிறது. உலகம் முழுக்கப் பெரும்பாலான கம்பெனிகள் பின்பற்றும் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் (ஏ.எஸ்.எம்.இ.) விதிப்படி, வெல்டரைச் சோதித்துத் தகுதி கொடுக்க வேண்டியது அவனை வேலைக்கு வைக்கும் கம்பெனி. அந்தத் தகுதி அந்தக் கம்பெனிக்குத்தான் செல்லும். அங்கேயும்கூட, தேறிய அந்த வெல்டிங் முறையில் ஆறு மாதம் வேலை செய்யாமல் இருந்தால் தகுதி காலாவதி. அப்படியென்றால் பயிற்சி மையம் லேமினேட் செய்து தரும் '6ஜி சர்டிபிகேட்' எந்தக் கம்பெனி வாசலிலும் செல்லாது. போகிற ஒவ்வொரு கம்பெனியிலும் உங்கள் மகன் மறுபடியும் ஜாயின்ட் போட்டுக் காட்ட வேண்டும். சவுதியோ, வெல்டர் உட்படப் பல தொழில்களுக்கு ஆளை எடுக்கும் முன் இங்கேயே ஒரு தொழில் தேர்வு வைக்கிறது. கையில் திறமை இருந்தால் காகிதம் இல்லாமலே பாஸ் ஆவான். திறமை இல்லாவிட்டால் தங்க எழுத்தில் அச்சடித்த காகிதமும் காப்பாற்றாது.

இதை நான் எத்தனை முறை பார்த்திருப்பேன்! டெஸ்டுக்கு வரும் பையன் ஃபைலைத் திறந்து மூன்று சர்டிபிகேட்டை மேஜையில் வைப்பான். கூப்பனை, அதாவது சோதனைக்கான பைப் துண்டை, கொடுத்தால் ரூட் இறங்கியிருக்காது. ராடை, அதாவது உருகி இறங்கும் வெல்டிங் குச்சியை, எந்தக் கோணத்தில் பிடிப்பது என்றே தெரிந்திருக்காது. 'சார், சென்டரில் ஒரே ஒரு 6ஜி ஜாயின்ட்தான் போட விட்டார்கள்' என்பான். அவன் அப்பா நிலத்தை விற்றுப் பணம் கட்டியிருப்பார். அந்தப் பையனை ஃபெயில் என்று எழுதி அனுப்பும்போது என் கை கனத்ததுண்டு. ஆனால் அந்த ஜாயின்ட் நாளை நீராவி லைனில் இருக்கும். வெடித்தால் பக்கத்தில் நிற்பவன் செத்துப் போவான். பாவம் பார்த்து பாஸ் போட முடியாது.

இதே ஆட்கள் 'ஐ.பி.ஆர். சர்டிபிகேட்' (இந்தியக் கொதிகலன் விதிமுறைப்படியான சான்றிதழ்) என்றும் விற்பார்கள். பாய்லரில் அழுத்தம் தாங்கும் பாகங்களை வெல்டிங் செய்ய அது கட்டாயம்தான். ஆனால் அதைத் தருவது அரசின் கொதிகலன் துறை. தேர்வு வைத்து, போட்ட துண்டைச் சோதித்துப் பார்த்துத்தான் தருவார்கள். தனியார் மையம் தானே அச்சடித்துத் தந்தால் அது போலி. போலியோடு பிடிபட்டால் சிக்குவது உங்கள் மகன்தான், ஏஜென்ட் அல்ல.

45 நாளில் என்ன கற்க முடியும்? தட்டையான பிளேட்டில் நேராக ஒரு கோடு போடலாம். அப்புறம் மூலை ஜாயின்ட், நிறுத்தி வைத்த பிளேட், தலைக்கு மேல் பிளேட், அதற்கப்புறம் பைப், கடைசியில்தான் 45 டிகிரி சாய்வு. கை பழக ராடு எரிய வேண்டும், வேறு வழி கிடையாது. தனியார் மையத்தில்தான் சேர்ப்பது என்று முடிவு செய்தாலும் ஆபீஸ் அறையில் உட்கார்ந்து பேசிவிட்டு வராதீர்கள். பின்பக்கம் போய் ஸ்கிராப் குவியலைப் பாருங்கள். வெல்டிங் செய்து வெட்டிய பைப் துண்டுகள் மலையாகக் கிடந்தால் அங்கே பயிற்சி நடக்கிறது. குவியலே இல்லையென்றால் சர்டிபிகேட் மட்டும்தான் நடக்கிறது. ராடு எங்கே வைத்திருக்கிறார்கள் என்றும் பாருங்கள். 7018 என்ற ராடில் ஈரம் ஏறினால் வெல்டில் விரிசல் விடும், அதனால் அதை ஓவனில் சூடாக வைத்திருந்துதான் எடுக்க வேண்டும். பாக்கெட்டைப் பிரித்துத் தரையில் போட்டிருந்தால் அந்த இடத்தில் சொல்லிக்கொடுப்பவருக்கே தொழில் தெரியாது. ஒரு பையனுக்கு மொத்தம் எத்தனை பைப் கூப்பன் தருவீர்கள், எக்ஸ்ரே செலவு யாருடையது என்று கேளுங்கள். பதிலை எழுதி வாங்குங்கள்.

ஆனால் என் யோசனை வேறு. அரசு ஐ.டி.ஐ.யில் வெல்டர் பிரிவு ஒரு வருடப் படிப்பு. எட்டாம் வகுப்பு பாஸ் போதும். பிளஸ் டூ போனதைப் பற்றி அங்கே யாரும் கேட்க மாட்டார்கள். பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், சைக்கிள், புத்தகம், சீருடை எல்லாம் அரசே தருகிறது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவன் என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். கையிலிருந்து 1,75,000 கொடுப்பதை விட்டுவிட்டு, கையில் வாங்கிக்கொண்டே படிக்கலாம். இத்தனை இருந்தும் இதைப் பெற்றோரிடம் போய்ச் சொல்ல யாரும் இல்லை. ஏஜென்ட் வீடு தேடி வருகிறார், அரசு வருவதில்லை. பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரத்தில் ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு மணி நேரம் ஒதுக்கி இதைச் சொன்னால் என்ன குறைந்துவிடும்? மார்க் குறைந்த பையனுக்குத்தான் ஐ.டி.ஐ. என்று ஆசிரியர்களே பேசுகிறார்கள். எனக்கு ஆறவே ஆறாத கோபம் இது.

ஐ.டி.ஐ.யிலும் பைப் போடும் பயிற்சி போதாது, அதை மறைக்க மாட்டேன். ஆகவே முடித்ததும் நேராக வெளிநாடு என்று கிளம்பக் கூடாது. பெரிய நிறுவனம் ஒன்றில் அப்ரண்டிஸாக ஒரு வருடம் இருக்கட்டும். அப்புறம் ஒரு நல்ல ஃபேப்ரிகேஷன் பட்டறையில் ஒன்றிரண்டு வருடம் டிக், ஆர்க் என்ற இரண்டு வெல்டிங் முறைகளையும் பழகட்டும். 22, 23 வயதில் டெஸ்டுக்குப் போனால் அவன் கையே பேசும்.

வெளிநாடு என்று வரும்போது ஒன்றை நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் உங்கள் மகன் பத்தாம் வகுப்பு பாஸ். பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் பாஸ்போர்ட்டில் குடிபெயர்வு அனுமதி தேவை என்று குறித்திருக்கும். அவர்கள் சவுதி, குவைத், கத்தார் போன்ற நாடுகளுக்கு வேலைக்குப் போகுமுன் குடிபெயர்வோர் பாதுகாப்பு அதிகாரியிடம் அனுமதி பெற வேண்டும். அங்கே வேலை ஒப்பந்தத்தையும் சம்பளத்தையும் பார்ப்பார்கள். பத்தாவது பாஸ் என்றால் இந்த அனுமதி தேவையில்லை. பல குடும்பங்கள் இதைப் பெருமையாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன்: 'எங்க பையனுக்கு க்ளியரன்ஸ் எல்லாம் வேண்டியதில்லை.' ஏஜென்டும் அப்படித்தான் சொல்வார், அவருக்கு அதில் லாபம். உண்மையில் நடப்பது என்ன? படிக்காதவனுக்காவது அவன் ஒப்பந்தத்தை ஓர் அதிகாரி பார்க்கிறார். உங்கள் மகனின் ஒப்பந்தத்தை யாருமே பார்ப்பதில்லை. 19 வயதுப் பையன் பத்தாவது பாஸ் ஆகிவிட்டதாலேயே ஆங்கிலத்திலும் அரபியிலும் இருக்கும் ஒப்பந்தத்தைப் படித்துப் புரிந்துகொள்வான் என்று அரசு எந்த நம்பிக்கையில் முடிவு செய்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. இந்த ஓட்டை வழியாகத்தான் விசிட் விசாவில் ஏற்றி அனுப்புகிறார்கள். விசிட் விசாவில் வேலை செய்வது அங்கே குற்றம். பிடிபட்டால் அவன்தான் உள்ளே போவான். அங்கே போனதும் வேறு ஒப்பந்தத்தை நீட்டி, பாதிச் சம்பளத்துக்குக் கையெழுத்து வாங்குவதும் நடக்கிறது. ஆகவே அந்த அதிகாரி பார்க்க வேண்டியதை நீங்களே பார்க்க வேண்டும்: விசாவில் வேலை விசா என்று இருக்கிறதா, தொழில் வெல்டர் என்று இருக்கிறதா அல்லது லேபர் என்று இருக்கிறதா, அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, சாப்பாடும் தங்குமிடமும் யார் செலவு, திரும்பி வரும் டிக்கெட் யார் தருகிறார்கள். கிளம்பும் முன்பே ஒப்பந்தத்தின் நகல் வீட்டில் இருக்க வேண்டும்.

உங்கள் வீட்டுக்கு வந்தவர் யார் என்று பாருங்கள். 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி, பதிவுச் சான்றிதழ் இல்லாமல் யாரும் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கக் கூடாது. பதிவு எண்ணைக் கேளுங்கள். மத்திய அரசின் இ-மைகிரேட் இணையதளத்தில் அந்தப் பதிவு நடப்பில் இருக்கிறதா என்று யாரையாவது வைத்துப் பார்க்கலாம். 'நான் சென்னை ஆபீசுக்கு ஆள் சேர்த்துக் கொடுப்பவன்' என்று சொன்னால் அவர் துணை ஏஜென்ட், சட்டத்தில் அவருக்கு இடமில்லை. பதிவு பெற்றவரே ஆனாலும் சேவைக் கட்டணம் 30,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 35,400. அதையும் வங்கி மூலமாகக் கட்டி ரசீது வாங்க வேண்டும். மாநில அரசுக்கே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் 1978 முதல் இருக்கிறது. அங்கே பதிந்து வைக்கலாம். சந்தேகம் வந்தால் 1800 11 3090 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம்.

வெல்டிங் புகையை உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2017-இல் புற்றுநோய் உண்டாக்கும் பட்டியலில் சேர்த்தது. முகக் கவசமும் கறுப்புக் கண்ணாடியும் இல்லாமல் ஒரு நாளும் உட்கார விடாதீர்கள். போன இரண்டு பாடங்களையும் துணைத்தேர்வில் எழுதச் சொல்லுங்கள், பின்னால் எதற்காவது உதவும்.

ஐ.டி.ஐ. சேர்க்கை வழக்கமாகப் பத்தாம் வகுப்பு ரிசல்ட்டை ஒட்டி, கோடையில் ஆன்லைனில் திறக்கும். ஆண்களுக்கு 40 வயது வரை இடமுண்டு, ஆக உங்கள் மகனுக்கு எந்த அவசரமும் இல்லை. மார்க் ஷீட், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார் நான்கையும் எடுத்து வையுங்கள். நடுவில் இருக்கும் மாதங்களில் ஊரிலேயே ஒரு கிரில் பட்டறையில் உதவிக்கு நிற்கட்டும். சித்திரை வெயிலில் லெதர் ஏப்ரனும் கையுறையும் போட்டு இரண்டு வாரம் நின்றுவிட்டும் 'இதுதான் வேண்டும்' என்று சொன்னானென்றால் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள்.