பழைய காரும் பட்டறையும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, அப்பா ஓட்டிய 1986 மார்க் 4 அம்பாசடர் இது. ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஐசுசு 1800 எஞ்சினும் ஐந்து கியர் பாக்ஸும் இறக்கினோம். கியர்பாக்ஸைக் கீழிருந்து தாங்கும் குறுக்குச் சட்டமான பழைய கிராஸ் மெம்பர் ஒத்துவராததால் ரெடிமேடாக ஒன்று வாங்கினேன். ஓட்டைகள் அரை விரல்கடை தள்ளி நின்றன. பட்டறையில் ஓட்டையை நீளமாக அறுத்து, கம்பி போட்டு நெம்பி போல்ட் மாட்டிவிட்டார்கள். இப்போது 60, 70 கி.மீ. வேகத்தில் தரை அதிர்கிறது. கியர்பாக்ஸிலிருந்து பின்பக்கம் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டை பேலன்ஸ் செய்தும் நிற்கவில்லை. நானே அளந்தேன்: கியர்பாக்ஸ் பின்பக்கம் 4.5 டிகிரி இறங்கியிருக்கிறது, பின் ஆக்சில் நடுவிலுள்ள டிஃபரன்ஷியலின் மூக்கு 3 டிகிரி தூக்கியிருக்கிறது. எங்கே தவறு?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: அளந்து எழுதினீர்கள் பாருங்கள், பாதி வேலை அங்கேயே முடிந்தது. ஷாஃப்டின் மேல் பழி இல்லை. கிராஸ் மெம்பர் கியர்பாக்ஸைத் தாழ்வாகவும் முறுக்கியும் பிடித்திருக்கிறது.

ஷாஃப்டின் இரு முனையிலும் மடங்கும் இணைப்பான யூ ஜாயின்ட் சாய்ந்து சுற்றும்போது ஒரு சுற்றுக்கு இரண்டு முறை ஷாஃப்ட் வேகம் கூடிக் குறையும். முன் ஜாயின்ட் கொடுக்கும் இந்த உதறலைப் பின் ஜாயின்ட் சரிக்கட்டிவிடும். அதற்கு கியர்பாக்ஸ் இறக்கமும் டிஃபரன்ஷியல் ஏற்றமும் ஒரே அளவில் இருக்க வேண்டும். ஒரு டிகிரி வரை வித்தியாசம் தாங்கும். உங்களுக்கு ஒன்றரை. எதற்கும் ஒருமுறை, காலியான சாலையில் 70-ல் போகும்போது நியூட்ரல் போட்டுப் பாருங்கள். எஞ்சின் ஐடிலுக்கு வந்த பிறகும் அதிர்ந்தால் கோளாறு எஞ்சினில் இல்லை, ஷாஃப்ட் அல்லது சக்கரப் பக்கம்தான்.

நெம்பி மாட்டியதுதான் எனக்கு அதிக வருத்தம். வேலை பழகிய காலத்தில் நானும் ஒரு டாக்சிக்கு ரவுண்டு அரம் போட்டு ஓட்டையை இழுத்து மாட்டினேன். மூன்று மாதத்தில் வண்டி திரும்பி வந்தது. கியர்பாக்ஸுக்கும் கிராஸ் மெம்பருக்கும் நடுவில் உட்காரும் மவுண்டிங் ரப்பர் இரும்புத் தகட்டை விட்டுப் பிரிந்து, வெள்ளரிப் பிஞ்சைக் கீறினாற்போல் வாய் பிளந்து கிடந்தது. ஓட்டையைச் சுற்றி பாடித் தகடும் உள்ளே அமுங்கியிருந்தது. அம்பாசடருக்குத் தனிச் சேஸி கிடையாது. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழி வந்த உடம்பு அது. தகடு மடித்த பெட்டிதான் எல்லாப் பாரத்தையும் சுமக்கிறது. அதில் போல்டை இழுத்து முறுக்கினால் பெட்டி நசுங்கும், போல்ட் தளரும்.

கிராஸ் மெம்பரை முதலில் மாட்டிவிட்டு கியர்பாக்ஸை அதற்கு இழுக்காதீர்கள். கியர்பாக்ஸை நிற்க வேண்டிய இடத்தில் நிறுத்தி, கிராஸ் மெம்பரை அதற்கு ஏற்றாற்போல் மாற்றுங்கள்.

வண்டி பட்டறைப் பள்ளத்தின் மேல் நான்கு சக்கரத்திலும் நிற்கட்டும். ஆக்சில் தொங்கினால் பட்டை ஸ்பிரிங் இறங்கி டிஃபரன்ஷியல் மூக்கின் கோணம் மாறிவிடும், அந்த அளவு உதவாது. கூடுதலாகப் பட்டை சேர்த்திருந்தால் வழக்கமான பாரத்தோடு ஒருமுறை அளந்துகொள்ளுங்கள். கியர்பாக்ஸுக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கி கொடுத்து, கிராஸ் மெம்பரைக் கழற்றுங்கள். கழற்றியதும் பாக்ஸ் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள். அத்தனை தூரம் அதை வலுக்கட்டாயமாகப் பிடித்து வைத்திருந்தீர்கள் என்று அர்த்தம்.

பிறகு 3 டிகிரி வரும்வரை மெல்லத் தூக்குங்கள். முன் மவுண்டிங்குக்கும் பின் மவுண்டிங்குக்கும் 70 செ.மீ. இருந்தால் ஒரு டிகிரிக்குச் சுமார் 12 மி.மீ. கணக்கு. உங்களுக்கு 18 மி.மீ. வரும். அதற்கு வாஷர் அடுக்கவே கூடாது. மவுண்டிங் உட்காரும் தகட்டை அறுத்து உயர்த்திப் பற்றவைப்பதுதான் சரி. தூக்கும்போது மேலே தரைத் தகடு மேடாக வளைந்த டன்னலுக்கு ஒரு விரல் இடைவெளி நிற்கிறதா, சைலன்சர் பைப், ஹேண்ட்பிரேக் கேபிள், ஸ்பீடோ கேபிள் உரசாமல் இருக்கின்றனவா என்று கையை விட்டே பாருங்கள். ஷாஃப்டின் முன்னும் பின்னும் நகரும் முனையான ஸ்லைடிங் யோக் கியர்பாக்ஸுக்குள் முட்டாமல் 20, 25 மி.மீ. உள்ளே போக இடமும் வேண்டும்.

அறுத்த ஓட்டையை மூடிப் பற்றவைத்து, சரியான இடத்தில் புதிதாகத் துளையிடுங்கள். பாடிப் பெட்டிக்குள் போல்ட் போகும் இடத்தில், பெட்டியின் உள் உயரத்துக்கு வெட்டிய கனமான குழாய்த் துண்டை வையுங்கள். முறுக்கும் பாரத்தை அது தாங்கும். பற்றவைக்கும் முன் பேட்டரி வயரைக் கழற்றிவிடுங்கள். இன்னொன்று: பழைய அம்பாசடர் உடம்பில் இருப்பது அங்குலக் கணக்கு மரை, ஐசுசு பாக்ஸில் மி.மீ. மரை. 3/8 அங்குல போல்டும் 10 மி.மீ. போல்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ஒன்றின் நட்டை மற்றதில் ஏற்றினால் மரை போய்விடும். எல்லா போல்டையும் முதலில் கையால் மட்டும் ஏற்றி, ஜாக்கியை இறக்கி, ரப்பர் நேராக உட்கார்ந்த பிறகு முறுக்குங்கள். கிழிந்திருக்காவிட்டாலும் இப்போதுள்ள ரப்பரை மாற்றிவிடுங்கள். 500 கி.மீ. ஓடிய பின் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.

கேள்வி: ரப்பர் மவுண்டிங்குக்குப் பதில் அதைவிடக் கெட்டியான பாலியூரித்தேன் போடலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: எஞ்சின் மவுண்டிங் ரப்பராக இருக்கும்போது கியர்பாக்ஸுக்கு மட்டும் கெட்டியாகப் போடாதீர்கள். எஞ்சின் ஆடும், பின்பக்கம் ஆடாது. இழுவை முழுக்கக் கியர்பாக்ஸ் வால்பகுதி வார்ப்பின் மேல் விழும். வீட்டு உபயோகத்துக்கு நல்ல ரப்பரே போதும்.