முதல் குரூப்பும் மூளையின் எடையும்

மூளை பற்றிய கேள்விகளை அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பகுதி ஆண் மூளைக்கும் பெண் மூளைக்கும் உள்ள வேறுபாட்டையே சுற்றி அமைந்திருந்ததால், இம்முறை அவற்றுக்கு மட்டும் பதில் அளிக்கிறேன்.

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றிருக்கிறாள். பிளஸ் ஒன்னில் கணிதமும் கணினி அறிவியலும் உள்ள குரூப்பை எடுக்க விரும்புகிறாள். "பெண் பிள்ளைகளுக்கு மனப்பாடம் வரும், கணக்குக்கான மூளை ஆண் பிள்ளைகளுக்குத்தான், விஞ்ஞானிகளே சொல்லியிருக்கிறார்கள்" என்று என் மாமனார் தடுக்கிறார். இது உண்மையா?
– ஒரு தாய், மேற்கு மாம்பலம்

பதில்: உங்கள் மகள் விரும்பும் குரூப்பையே எடுக்கட்டும். மாமனாரிடம் நீங்கள் காரணம் சொல்ல வேண்டியிருக்கும் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

அறிவுத்திறன், குணம், நடத்தை ஆகியவற்றில் ஆண் பெண் வேறுபாடுகளைத் தேடிய ஆய்வுத் தொகுப்புகள் 46-ஐ அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக உளவியலாளர் ஜேனட் ஹைட் 2005-ஆம் ஆண்டில் ஒருசேரப் பரிசீலித்தார். அவற்றில் அளக்கப்பட்டிருந்த வேறுபாடுகளில் 78 சதவீதம் மிகச் சிறியவையாகவோ ஏறத்தாழ இல்லாதவையாகவோ இருந்தன. கணிதத் திறனில் காணப்பட்ட வேறுபாடும் பெரும்பாலும் அந்தச் சிறிய வகையைச் சேர்ந்ததே. ஆனால் ஒரு முப்பரிமாண உருவத்தை மனத்துக்குள் சுழற்றிப் பார்க்கும் சோதனையில் ஆண்களின் சராசரி குறிப்பிடத்தக்க அளவு கூடுதலாக இருப்பதைப் பல நாடுகளில் கண்டிருக்கிறார்கள். உங்கள் மாமனாரின் காதுக்கு எட்டிய 'விஞ்ஞானிகள் சொன்னது' பெரும்பாலும் இதிலிருந்து கிளைத்ததாகத்தான் இருக்கும். இந்தத் திறனும் பயிற்சியால் இரு பாலரிடமும் வளர்கிறது.

இது தொடர்பாக நம் நாட்டிலேயே நடந்த ஓர் ஆய்வு உண்டு. மேகாலயப் பகுதியில் அருகருகே வாழ்ந்து, ஒரே மாதிரி நெல் பயிரிட்டுப் பிழைக்கும் காசி, கார்பி என்ற இரண்டு இனத்தாரை ஒப்பிட்டு, அதன் முடிவை 2011-இல் வெளியிட்டார்கள். காசி மக்களிடம் குடும்பச் சொத்து இளைய மகளுக்குப் போகிறது. கார்பி மக்களிடம் நிலம் பெண்களின் பெயரில் இருப்பது வழக்கமில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நான்கு துண்டுகளாக வெட்டப்பட்ட ஒரு படத்தைக் கொடுத்து, எவ்வளவு விரைவாகச் சேர்க்கிறார்கள் என்று பார்த்தபோது, கார்பி ஆண்கள் தங்கள் பெண்களைத் தெளிவாக முந்தினார்கள். காசி மக்களிடையே ஆணுக்கும் பெண்ணுக்கும் வித்தியாசமே தென்படவில்லை. கார்பி ஆண்கள் தங்கள் பெண்களைவிடக் கூடுதலாகப் பள்ளிக்குச் சென்றிருந்தார்கள் என்பதும், காசி மக்களிடம் அந்த இடைவெளி இல்லை என்பதும் முடிவின் ஒரு பகுதியை விளக்குகின்றன. பிறப்பிலேயே அமைந்த மூளை வேறுபாடு என்று நாம் எளிதாகச் சொல்லிவிடும் ஒன்று, யார் பள்ளிக்குப் போனார்கள், நிலம் யாருடையது என்பதைப் பொறுத்துக் கூடவும் மறையவும் செய்தால், அதை மண்டைக்குள் மட்டும் தேடிக்கொண்டிருப்பது பொருந்தாது.

சராசரியை வைத்துத் தனி ஒருவரைக் கணிக்க முடியாது என்பதையும் மாமனாரிடம் சொல்லுங்கள். ஆண்கள் சராசரியாகப் பெண்களைவிட உயரமானவர்கள்தான். ஆனாலும் மாம்பலம் ரயில் நிலையத்தில் ஐந்தடி ஐந்தங்குலம் உள்ள ஒருவர் நிற்கிறார் என்று மட்டும் சொன்னால், அவர் ஆணா பெண்ணா என்று உறுதியாகக் கூற இயலாது. அறிவுத்திறன்களில் இரு பாலரின் அளவுகளும் உயரத்தைக் காட்டிலும் மிகக் கூடுதலாக ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கின்றன. பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியாகும் நாளில் தேர்ச்சி விகிதத்தில் மாணவிகள் முந்துவதை மாமனாரும் ஆண்டுதோறும் செய்தித்தாளில் படித்திருப்பார். அதைக் காட்டி மாணவர்களுக்குப் படிப்பு மூளையே கிடையாது என்று யாரும் சொல்வதில்லை.

கேள்வி: ஆணின் மூளை பெண்ணின் மூளையைவிட எடை மிக்கது என்று படித்தேன். இது பொய்யா? பொய் இல்லை என்றால், கூடுதல் எடைக்குக் கூடுதல் பயன் இருக்க வேண்டாமா?
– ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், பெரம்பூர்

பதில்: பொய் இல்லை. ஆண்களின் மூளை சராசரியாகப் பத்து முதல் பதினோரு சதவீதம் பெரியது. மூளை ஆராய்ச்சியில் இவ்வளவு உறுதியாக நிலைபெற்ற பாலின வேறுபாடு வேறில்லை. பெருமூளையின் மேலடுக்கான புறணியில் உள்ள நரம்புச் செல்களை எண்ணிக் கணித்த டென்மார்க் ஆய்வாளர்கள், ஆண்களிடம் சராசரியாகச் சுமார் 2,300 கோடியும் பெண்களிடம் சுமார் 1,900 கோடியும் இருப்பதாக 1997-இல் தெரிவித்தார்கள். அப்படியிருந்தும் பொது அறிவுத்திறன் சோதனைகளின் சராசரியில் அதற்கு ஈடான இடைவெளி எதுவும் தெரிவதில்லை.

பெரிய உடலில் இதயமும் நுரையீரலும் பெரிதாக இருப்பதுபோலவே மூளையும் பெரிதாக இருக்கிறது. ஆனால் மூளை வெறுமனே பெரிதாவதில்லை, அதன் அமைப்பின் விகிதங்களும் மாறுகின்றன. பெரிய மூளையில் தொலைவான பகுதிகளை இணைக்கும் வெண்பொருளின் பங்கு கூடுகிறது; சிறிய மூளையில் செல்கள் செறிந்த சாம்பல் பொருளின் பங்கு கூடுகிறது. பிரிட்டனில் 5,216 பேரின் மூளைப் படங்களை ஆராய்ந்து 2018-இல் வெளியான ஆய்வில் ஆண்களுக்குக் கன அளவும், பெண்களுக்குப் புறணியின் தடிமனும் சராசரியாகக் கூடுதலாக இருந்தன. உணர்ச்சிக்கான அமிக்டலா ஆண்களுக்குப் பெரிது, நினைவுக்கான ஹிப்போகேம்பஸ் பெண்களுக்குப் பெரிது என்று நெடுநாள் சொல்லப்பட்டவை, மொத்த மூளை அளவைக் கணக்கில் எடுத்ததும் ஏறத்தாழக் கரைந்துவிட்டன.

நீங்கள் கேட்ட கேள்வியைத்தான் 19-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மருத்துவர் பால் புரோக்காவும் கேட்டார். பேச்சுக்கான மூளைப் பகுதியைக் கண்டறிந்த பெருமைக்குரியவர் அவர். பாரிஸ் மருத்துவமனைகளில் இறந்தவர்களின் மூளைகளை நிறுத்துப் பார்த்த அவருக்கு ஆண்களின் சராசரி 1,325 கிராமும் பெண்களின் சராசரி 1,144 கிராமும் கிடைத்தன. உடல் சிறியதாக இருப்பது ஒரு காரணம் என்று ஒப்புக்கொண்டுவிட்டு, பெண்கள் சராசரியாகச் சற்று அறிவு குறைந்தவர்கள் என்பதை மறக்கக் கூடாது என்றும் சேர்த்து எழுதினார். தராசில் வைப்பதற்கு முன்பே அவர் கையில் விடை இருந்திருக்கிறது. எடைதான் அறிவு என்றால், சுமார் ஐந்து கிலோ மூளையைச் சுமக்கும் யானையிடம் நாம் அனைவரும் பாடம் கேட்க வேண்டியிருக்கும்.

கேள்வி: பெண்களின் மூளையில் இடது, வலது பகுதிகளை இணைக்கும் நரம்புக் கற்றை தடிமனானது, எனவே அவர்களால் ஒரே நேரத்தில் பல வேலைகளைச் செய்ய முடியும் என்கிறார்கள். என் மனைவியிடம் இதைச் சொன்னபோது கோபித்துக்கொண்டார். அறிவியல் யார் பக்கம்?
– மென்பொருள் ஊழியர், சோழிங்கநல்லூர்

பதில்: உங்கள் மனைவியின் பக்கம். நீங்கள் குறிப்பிடும் கருத்து 1982-இல் வெளியான, மொத்தமே 14 மூளைகளை வைத்துச் செய்யப்பட்ட ஆய்விலிருந்து பரவியது. பின்னர் வந்த பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 1997-ஆம் ஆண்டுக் கட்டுரை அத்தகைய வேறுபாடு நிலைக்கவில்லை என்று காட்டியது. பிறகு 2013 டிசம்பரில், 8 முதல் 22 வயது வரையுள்ள 949 பேரை ஆராய்ந்த பென்சில்வேனியா பல்கலைக்கழகக் குழு, பெண்களிடம் இரு பக்கங்களுக்கு இடையேயான இணைப்புகளும் ஆண்களிடம் ஒவ்வொரு பக்கத்துக்குள்ளான இணைப்புகளும் கூடுதல் என்று அறிவித்தபோது, உலகெங்கும் அது தலைப்புச் செய்தியானது. சிறிய மூளையில், அது ஆணுடையதாக இருந்தாலும், குறுக்கு இணைப்புகளின் விகிதம் சற்றுக் கூடுதலாகவே இருக்கும் என்ற விளக்கத்துக்கு அந்த அளவு விளம்பரம் கிடைக்கவில்லை.

பல வேலைத் திறனையே நேரடியாகச் சோதித்தும் பார்த்துவிட்டார்கள். ஜெர்மனியில் 48 ஆண்களையும் 48 பெண்களையும் வைத்து நடத்தி 2019-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், இரண்டு வேலைகளை ஒருசேரச் செய்தபோது இரு பாலருமே ஒரே அளவுக்குத் தடுமாறினார்கள். அதே 2019-இல் எடுக்கப்பட்ட இந்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும் ஆண்கள் 97 நிமிடங்களும் அதற்குச் செலவிட்டார்கள். மனைவியின் கோபத்துக்கான காரணத்தை நரம்புக் கற்றையில் தேடுவதற்கு முன் இந்த இரண்டு எண்களையும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: பெண்கள் ஒரு நாளில் 20,000 சொற்களும் ஆண்கள் 7,000 சொற்களும் பேசுகிறார்களாமே?
– வாசகர், வில்லிவாக்கம்

பதில்: அந்த எண்களுக்கு ஆதாரமான அளவீடு எதுவும் இல்லை. சுமார் 400 மாணவர்களின் உடலில் ஒலிப்பதிவுக் கருவியைப் பொருத்தி எண்ணியபோது (2007), இரு பாலரும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 16,000 சொற்களே பேசினார்கள்.

கேள்வி: ஒரு மூளையின் ஸ்கேனைப் பார்த்தே அது ஆணுடையதா பெண்ணுடையதா என்று சொல்ல முடியுமா?
– கல்லூரி மாணவி, தாம்பரம்

பதில்: கணினியால் பெரும்பாலும் முடியும். மூளை இயங்கும் விதத்தைப் பதிவு செய்த ஸ்கேன்களைக் கொண்டு, 90 சதவீதத்துக்கும் மேல் சரியாகப் பிரித்தறியும் செயற்கை நுண்ணறிவு மாதிரியை ஸ்டான்போர்டு ஆய்வாளர்கள் 2024-இல் வெளியிட்டார்கள். மறுபுறம், 1,400-க்கும் மேற்பட்ட மூளைகளைப் பகுதி பகுதியாக ஆராய்ந்த டெல் அவிவ் பல்கலைக்கழகத்தின் டாப்னா ஜோயல் 2015-இல் காட்டியது வேறொன்று: எல்லாப் பகுதிகளிலும் முழுக்க 'ஆண் பக்கம்' அல்லது முழுக்க 'பெண் பக்கம்' சாய்ந்திருக்கும் மூளைகள் மிகச் சில, பெரும்பாலானவை இரண்டும் கலந்தவை. இவை முரண்போலத் தோன்றினாலும் முரண் அல்ல. பல நூறு சிறு அடையாளங்களைக் கூட்டிப் பாலினத்தை ஊகிக்கலாம். ஆனால் பாலினத்தை மட்டும் அறிந்துகொண்டு அந்த மூளை எப்படிப்பட்டது என்று ஊகிக்க முடியாது. முதலாவது உண்மையைச் சொல்லிவிட்டு, இரண்டாவதும் முடியும் என்று விற்பவர்கள் அதிகம்.

கேள்வி: அப்படியானால் மருத்துவத்திலும் வேறுபாடு இல்லை என்று கொள்ளலாமா? எனக்கும் என் அக்காவுக்கும் ஒற்றைத் தலைவலி, அண்ணனுக்கு இல்லை.
– வாசகி, அடையாறு

பதில்: அப்படிக் கொள்ளக் கூடாது. வேறுபாடு மெய்யாகவே பொருட்படுத்த வேண்டிய இடம் மருத்துவம்தான் என்பது என் கருத்து. பருவமடைவதற்கு முன் சிறுவர் சிறுமியரிடையே ஏறத்தாழச் சமமாகக் காணப்படும் ஒற்றைத் தலைவலி, அதன் பிறகு பெண்களிடம் சுமார் மூன்று மடங்காகிறது. மாதவிடாய்க்கு முன் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனின் அளவு திடீரென இறங்குவது அதைத் தூண்டும் காரணங்களில் ஒன்று. மனச்சோர்வு நோய் பெண்களிடம் ஏறத்தாழ இரு மடங்கு. பார்க்கின்சன் நோயோ ஆண்களிடம் சுமார் ஒன்றரை மடங்கு. ஆட்டிசம் ஆண் குழந்தைகளிடமே அதிகம் கண்டறியப்படுகிறது. பெண் குழந்தைகளிடம் அது பல நேரங்களில் கவனிக்கப்படாமல் போவதும் அதற்கு ஒரு காரணம்.

மருந்துகளிலும் இதைக் காணலாம். தூக்க மாத்திரையான சோல்பிடெம், அமெரிக்காவில் 1992-இல் அனுமதி பெற்றது. பெண்களின் உடலிலிருந்து அது மெதுவாக வெளியேறுவதால், காலையில் வாகனம் ஓட்டும்போதும் மயக்கம் எஞ்சியிருக்கலாம் என்று கண்டு, பெண்களுக்கான அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 மில்லிகிராமாகக் குறைக்க 2013 வரை ஆயிற்று. கருத்தரிக்கும் வயதுப் பெண்களைத் தொடக்க நிலை மருந்துச் சோதனைகளில் சேர்க்க வேண்டாம் என்று 1977 முதல் அங்கே வழிகாட்டுதல் இருந்ததையும், 1993-இல்தான் அரசு நிதி பெறும் மருத்துவச் சோதனைகளில் பெண்களைச் சேர்ப்பது சட்டமானதையும் இதனுடன் சேர்த்துப் படிக்க வேண்டும்.

உங்கள் தலைவலி வரும் தேதிகளை மாதவிடாய்த் தேதிகளோடு சேர்த்துச் சில மாதங்கள் குறித்துவைத்து, நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். தலைவலிக்கு முன்பாகக் கண்ணில் மின்னல் கோடுகளோ பார்வை மறைப்போ தோன்றுமானால், ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை எதையும் தொடங்குவதற்கு முன் நீங்களும் உங்கள் அக்காவும் அதை மருத்துவரிடம் தவறாமல் சொல்லிவிட வேண்டும். அந்த இரண்டும் சேரும்போது பக்கவாதம் வரும் வாய்ப்பு கூடுகிறது.