மடங்கிய ஃபின்கள், குறையும் கூலன்ட்: பைக் ரேடியேட்டரைப் பாதுகாப்பது எப்படி?

கேள்வி: லிக்விட் கூலிங் எஞ்சின் உள்ள பைக் வைத்திருக்கிறேன். நெடுஞ்சாலையில் அதிகம் ஓட்டுவதால் கற்கள் பட்டு ரேடியேட்டரின் முன்பக்க ஃபின்கள் பல இடங்களில் மடங்கியிருக்கின்றன. நெரிசலில் நிற்கும்போது ஃபேன் முன்பைவிட அடிக்கடி ஓடுகிறது. ரிசர்வ் டேங்கில் கூலன்ட்டும் சற்றுக் குறைந்திருக்கிறது. பிரஷர் வாஷ் செய்து, நெருக்கமான கம்பி வலை ஒன்றைப் பொருத்தி, குழாய்த் தண்ணீரை ஊற்றிக்கொண்டால் போதும் என்கிறார் நண்பர். அப்படிச் செய்யலாமா, அல்லது ரேடியேட்டரையே மாற்ற வேண்டியிருக்குமா?

பதில்: நண்பர் சொன்ன மூன்றில் எதையும் அப்படியே செய்துவிட வேண்டாம். முதல் இரண்டும் காற்று போகும் வழியைக் கெடுக்கும். மூன்றாவது ரேடியேட்டரை உள்ளிருந்து அரிக்கும். மாற்ற வேண்டுமா என்பதைச் சில சோதனைகளுக்குப் பிறகு முடிவு செய்யலாம். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், பெரும்பாலும் அதற்கு அவசியம் வராது.

ரேடியேட்டரின் முகப்பைக் கிட்டத்தில் பார்த்தால் இரண்டு வகைப் பாகங்கள் தெரியும். எஞ்சினின் சூட்டைச் சுமந்து வரும் திரவமான கூலன்ட் ஓடுகிற தட்டையான ட்யூப்கள் வரிசையாக இருக்கும். அவற்றுக்கு இடையே, வளைந்து வளைந்து செல்லும் மெல்லிய அலுமினியத் தகடுகளாக ஃபின்கள் இருக்கும். ஃபின்னுக்குள் திரவம் எதுவும் ஓடுவதில்லை. ட்யூபின் சூட்டை வாங்கிக் காற்றிடம் கொடுப்பது மட்டுமே அதன் வேலை. ஆகவே ஃபின் மடங்கினால் கூலன்ட் ஒழுகாது, குளிர்விக்கும் திறன்தான் குறையும். ட்யூபில் பள்ளமோ கீறலோ விழுந்திருந்தால் அது வேறு விஷயம், அதை அலட்சியப்படுத்தக் கூடாது. கல்லடி பட்ட இடங்களைப் பார்க்கும்போது, அடி எதன் மேல் விழுந்திருக்கிறது என்பதைத்தான் முதலில் பிரித்தறிய வேண்டும்.

இருட்டிய பிறகு ஒரு டார்ச்சை ரேடியேட்டரின் பின்பக்கம் பிடித்து, முன்பக்கத்திலிருந்து பாருங்கள். ஃபேன் மறைக்கும் பகுதியைத் தவிர்த்து, வெளிச்சம் வராத இடமெல்லாம் காற்றும் போகாத இடம். மடங்கிய ஃபின், உலர்ந்த சேறு, நசுங்கிய பூச்சிகள் எல்லாம் கறுப்புத் திட்டுகளாகத் தெரிந்துவிடும். சரிசெய்யவே முடியாத அடைப்பும் மடிப்பும் காற்றுவழியில் 20 சதவீதத்தைத் தாண்டினால் ரேடியேட்டரை மாற்ற வேண்டும் என்று சில தயாரிப்பாளர்களின் சர்வீஸ் கையேடுகள் வரையறுக்கின்றன. உங்களுடைய வண்டியில் இந்த அளவை எட்டியிருக்க வாய்ப்புக் குறைவு. அதிலும் நிமிர்த்தக்கூடிய ஃபின்களை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

நிமிர்த்தும் வேலையை எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, நிதானமாகச் செய்ய வேண்டும். மெல்லிய தட்டை முனையுள்ள சிறிய ஸ்க்ரூடிரைவர் அல்லது ஒரு மரக்குச்சியை மடிப்புக்குள் மெதுவாக நுழைத்து, ஃபின்னை அதன் அடிப்பகுதியிலிருந்து சிறிது சிறிதாக நெம்பினால் போதும். முனை ட்யூபின் மேல் படக் கூடாது. பழைய வடிவம் அப்படியே வர வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டியதில்லை. காற்று போகும் அளவுக்கு இடைவெளி கிடைத்தால் நிறுத்திக்கொள்ளலாம். அலுமினியத் தகட்டை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வளைத்தால் முறிந்துவிடும். முறிந்த ஃபின்னைவிட, கொஞ்சம் கோணலான ஃபின் எவ்வளவோ மேல்.

அடுத்தது கழுவுதல். கல்லைவிடப் பிரஷர் வாஷ் துப்பாக்கிதான் அதிக ரேடியேட்டர்களைக் கெடுக்கிறது என்பது என் கருத்து. கல் ஒரு புள்ளியில் அடிக்கும். சாய்வாகப் பிடித்த துப்பாக்கியோ ஒரே வீச்சில் ஒரு கை அகலத்துக்கு ஃபின்களைப் படுக்க வைத்துவிடும். தவிர்க்க முடியாமல் பயன்படுத்த நேர்ந்தால், முனையை அரை மீட்டருக்கு மேல் தள்ளி வைத்து, ரேடியேட்டரின் முகத்துக்கு நேர் செங்குத்தாகப் பிடிக்க வேண்டும். வாட்டர் வாஷ் கொடுக்கும் இடத்தில் இதைச் சொல்லிவிட்டு நகர்ந்தால் போதாது, பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியிருக்கும். வீட்டிலேயே கழுவுவது இதைவிட எளிது. ஆறிய ரேடியேட்டரின் மேல் மென்மையான சோப்புத் தண்ணீரைத் தெளித்து, ஒட்டிய பூச்சிகளும் சேறும் கால் மணி நேரம் ஊறிய பிறகு, மிருதுவான பிரஷால் ஃபின்கள் செல்லும் திசையிலேயே வருடி, சாதாரண ஹோஸ் தண்ணீரைப் பின்னாலிருந்து முன்னால் வரும்படி விட்டால், நுழைந்த வழியிலேயே அழுக்கு வெளியேறிவிடும். ஃபேன் மோட்டாரின் மீதும் அதன் ஒயர் கனெக்டர் மீதும் தண்ணீரைப் பீய்ச்ச வேண்டாம். அமிலமோ கடுமையான காரமோ கலந்த கிளீனர்கள் அலுமினியத்தை அரிக்கும் என்பதால் அவற்றைத் தவிர்க்க வேண்டும். எண்ணெய்ப் பசை படிந்திருந்தால், அது எங்கிருந்து வருகிறது என்று பார்த்து அதை நிறுத்தாமல் கழுவுவதில் பயன் இல்லை. பசையில் புழுதி ஒட்டி மறுபடியும் அடைத்துக்கொள்ளும்.

இனி வலைக்கு வருவோம். ரேடியேட்டருக்கு முன்னால் கார்டு (பாதுகாப்பு வலை) பொருத்துவதை நான் எதிர்க்கவில்லை. சரளைப் பாதையிலும் வேகமான நெடுஞ்சாலையிலும் ஓடும் வண்டிக்கு அது தேவையே. ஆனால் எவ்வளவு நெருக்கமான வலையோ அவ்வளவு பாதுகாப்பு என்று எண்ணுவது சரியல்ல. கணக்குப் போட்டுப் பாருங்கள். 1 மில்லிமீட்டர் தடிமனுள்ள கம்பியால் 2 மில்லிமீட்டர் சதுரக் கண்களாகப் பின்னிய வலையில், காற்றுக்குத் திறந்திருக்கும் பரப்பு ஏறத்தாழ 44 சதவீதம் மட்டுமே. அதே கம்பியில் கண்ணின் அளவு 4 மில்லிமீட்டரானால் 64 சதவீதமும், 10 மில்லிமீட்டரானால் சுமார் 83 சதவீதமும் திறந்திருக்கும். சின்னக் கண்களில் சேறும் பூச்சியும் சீக்கிரம் அடைத்துக்கொள்வதால் உண்மையான இழப்பு இதைவிடக் கூடுதலாகவே இருக்கும். ட்யூபைக் கிழிக்கும் அளவுக்குக் கனமான கல்லைத் தடுப்பதுதான் கார்டின் வேலை. மணல் துகளையெல்லாம் அது தடுக்க வேண்டியதில்லை. ஆகவே, தார்ச்சாலையே அதிகம் என்றால் 8 முதல் 10 மில்லிமீட்டர் வரை கண்ணளவு உள்ள, மெல்லிய ஆனால் விறைப்பான கார்டையே நான் பரிந்துரைப்பேன்.

பொருத்தும் விதமும் முக்கியம். கார்டுக்கும் ஃபின்களுக்கும் இடையே இடைவெளி வேண்டும். ஒட்டியபடி மாட்டினால், கல் பட்டு உள்வாங்கும் கார்டே ஃபின்களை நசுக்கிவிடும், அதிர்வில் உரசி உரசி ட்யூபையும் தேய்த்துவிடும். போல்ட் இருக்கும் இடங்களில் ரப்பர் வாஷர் வைப்பது நல்லது. மாட்டிய பிறகு ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுவதுமாகத் திருப்பிப் பாருங்கள். முன் சஸ்பென்ஷன் முழுவதும் அமுங்கும்போது சக்கரமோ மட்கார்டோ கார்டைத் தொடாது என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு, வழக்கமாகப் போகும் சாலையிலேயே ஓட்டி, வெப்பநிலை முன்பு எவ்வளவு காட்டியது, இப்போது எவ்வளவு காட்டுகிறது என்று ஒப்பிடுங்கள். ஃபேன் கண்கூடாக முன்னதாகவே ஓடத் தொடங்கினால் அந்தக் கார்டு உங்கள் வண்டிக்கு ஒத்துவரவில்லை என்று பொருள்.

கார்டுக்கு முன்பாகவே செய்ய வேண்டிய ஒன்றைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ரேடியேட்டரின் கீழ்ப்பாதியில் படும் கற்களில் பெரும்பாலானவற்றை உங்கள் வண்டியின் முன் சக்கரமே வாரி எறிகிறது. முன் மட்கார்டின் கீழ் விளிம்போடு ஒரு நீட்டிப்புத் துண்டைச் சேர்த்தால், காற்றுவழியை அதிகம் மறைக்காமலேயே அந்தக் கற்களும் சேறும் கணிசமாகக் குறையும். மேல்பாதியில் விழும் அடி முன்னால் செல்லும் வண்டியிலிருந்து வருவது; அதற்கு இடைவெளி விட்டு ஓட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. கூடுதல் விளக்கு, ஹார்ன், பை என்று எதையும் ரேடியேட்டருக்கு நேர் முன்னால் தொங்கவிடாமல் இருப்பதும் இதோடு சேர்ந்ததே.

வெளியே எவ்வளவு பார்த்துக்கொண்டாலும், உள்ளே ஓடும் திரவம் சரியில்லை என்றால் ரேடியேட்டர் நிலைக்காது. கூலன்ட்டில் எத்திலீன் கிளைக்கால், தண்ணீர், துருவையும் அரிப்பையும் தடுக்கும் ரசாயனங்கள் ஆகிய மூன்றும் இருக்கின்றன. பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் பூஜ்யத்துக்குக் கீழே 37 டிகிரி செல்சியஸ் வரை உறையாது. சாதாரண அழுத்தத்தில் அதன் கொதிநிலை 107 டிகிரியை ஒட்டியது. ரேடியேட்டர் கேப் (மூடி) உள்ளே 1 பாருக்கு (பார் என்பது அழுத்தத்தின் அலகு) சற்று மேலான அழுத்தத்தைத் தக்கவைப்பதால், கொதிநிலை 125 டிகிரியையும் தாண்டும். வெறும் தண்ணீர் கிளைக்கால் கலவையைவிட நன்றாகவே சூட்டைச் சுமக்கும் என்பது உண்மைதான். பந்தயத் தடங்கள் பலவற்றில், சிந்தினால் வழுக்கும் என்று கிளைக்காலுக்குத் தடை விதித்து, தண்ணீரையே ஊற்றச் சொல்வதும் உண்டு. ஆனால் அந்த எஞ்சின்களை அடிக்கடி பிரித்துப் பார்க்கிறார்கள், நாம் அப்படிச் செய்வதில்லை. குழாய்த் தண்ணீரிலும் ஆழ்துளைக் கிணற்று நீரிலும் உள்ள கால்சியம் உப்புகள், சூடான உட்பரப்புகளில் சுண்ணாம்புப் படிவமாக ஒட்டிக்கொண்டு, ஏற்கெனவே குறுகலான ட்யூப்களை இன்னும் குறுக்கும். தண்ணீரிலுள்ள குளோரைடு அலுமினியத்தில் ஊசித்துளைகளை உண்டாக்கும். ஆகவே உங்களுக்குத் தேவை, பைக்குக்கு ஏற்றதென்று குறிப்பிட்டு விற்கும் ரெடிமேட் கூலன்ட், அல்லது டிஸ்டில்டு வாட்டரில் கலந்த கூலன்ட். சில கூலன்ட்களில் உள்ள சிலிகேட், வாட்டர் பம்ப்பின் சீலைத் தேய்க்கும் என்பதால், பைக் தயாரிப்பாளர்கள் பலர் சிலிகேட் இல்லாததையே கேட்கிறார்கள். நிறத்தைப் பார்த்து வாங்குவதும், பச்சையோடு பச்சை என்று கலப்பதும் வேண்டாம். நிறம் வெறும் சாயம், அது ரசாயனத்தின் வகையைக் காட்டாது.

அரிப்பைத் தடுக்கும் ரசாயனங்கள் காலப்போக்கில் தீர்ந்துவிடும். ஆகவே பார்வைக்குச் சுத்தமாக இருந்தாலும், வண்டியின் கையேடு சொல்லும் இடைவெளியில், பொதுவாக 2 அல்லது 3 ஆண்டுகளுக்கு ஒரு முறை, கூலன்ட்டை முழுவதுமாக மாற்றிவிட வேண்டும். புதியதை ஊற்றும்போது நிதானமாக ஊற்றி, வண்டியை இரு பக்கமும் மெல்லச் சாய்த்து, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். காற்றுக் குமிழி தங்கினால் கூலன்ட் நிறைய இருந்தும் எஞ்சின் சூடாகும். வடித்த பழைய கூலன்ட்டைத் தரையில் விடாதீர்கள். அதன் இனிப்புச் சுவைக்காக நாயும் பூனையும் நக்கும். சிறிதளவே அவற்றைக் கொன்றுவிடும்.

கூலன்ட் குறைந்திருப்பதற்கு வருவோம். வண்டியை நிமிர்த்தி, சமதளத்தில், எஞ்சின் ஆறியிருக்கும்போது ரிசர்வ் டேங்கின் இரு கோடுகளுக்கும் நடுவே அளவு இருக்கிறதா என்று பாருங்கள். பல மாதங்களில் கொஞ்சம் குறைவது இயல்பே. அதே வகைக் கூலன்ட்டை ஊற்றி நிரப்பிவிடலாம். நிரப்பிய சில வாரங்களில் மறுபடியும் குறைந்தால், கசிவைத் தேட வேண்டும். ஹோஸ் கிளிப்கள், ட்யூப்கள் முனையில் சேரும் இடம், கல்லடித் தழும்புகள் ஆகியவற்றில் காய்ந்துபோன வெள்ளை அல்லது பச்சைப் படிவம் தெரிகிறதா என்று பாருங்கள். வாட்டர் பம்ப்பின் அடியில் சிறிய துளை ஒன்று இருக்கும். அதிலிருந்து கூலன்ட் சொட்டினால் பம்ப்பின் சீல் போய்விட்டது என்று அறிவிக்கவே அதை வைத்திருக்கிறார்கள், தயவுசெய்து அதை எதையாவது பூசி அடைக்க வேண்டாம். இன்னொரு சாத்தியமும் உண்டு. கேப்பின் ரப்பரோ ரிசர்வ் டேங்க்குக்குச் செல்லும் மெல்லிய ஹோஸோ கெட்டுவிட்டால், எஞ்சின் ஆறும்போது டேங்கிலிருந்து கூலன்ட் திரும்ப இழுக்கப்படாது. டேங்க் நிறைந்தே தெரியும், ரேடியேட்டரோ குறைந்துகொண்டே போகும். அதனால் எப்போதாவது, முழுவதும் ஆறிய நிலையில், கேப்பையே திறந்து பார்ப்பது நல்லது. சூடாக இருக்கும்போது திறந்தால், அழுத்தம் விடுபட்ட கணத்தில் கூலன்ட் பொங்கிக் கொதித்து முகத்தில் அடிக்கும். கூலன்ட் பால் போல வெளுத்திருந்தால் எண்ணெய் கலந்திருக்கலாம். எஞ்சின் ஓடும்போது டேங்கில் குமிழிகள் தொடர்ந்து வந்தால் ஹெட் கேஸ்கட்டை (சிலிண்டருக்கும் அதன் ஹெட்டுக்கும் இடையே கசிவைத் தடுக்கும் தகடு) சந்தேகிக்க வேண்டும். இவை இரண்டும் மெக்கானிக்கிடம் கொண்டுபோக வேண்டியவை.

ஃபேனைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். நெரிசலில் 100 டிகிரியை ஒட்டி அது ஓடத் தொடங்குவது பெரும்பாலான வண்டிகளில் இயல்பே. ஃபின்களை நிமிர்த்திக் கழுவிய பிறகும் முன்பைவிட அடிக்கடி ஓடினால், தெர்மோஸ்டாட் (சூடானதும் திறந்து கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) முழுவதும் திறக்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, வழியில் ட்யூப் கிழிந்தால் செய்ய வேண்டியது. வெப்பநிலை எச்சரிக்கை விளக்கு எரிந்தவுடன் ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடுங்கள். அடுத்த ஊர் வரை போய்விடலாம் என்று ஓட்டினால் சிலிண்டர் ஹெட் கோணிவிடும். சூடான எஞ்சின் மேல் குளிர்ந்த நீரை ஊற்றவும் வேண்டாம். முழுவதும் ஆறிய பிறகு, கசிவு சொட்டுச் சொட்டாகத்தான் இருக்கிறது என்றால், கையிலிருக்கும் குடிநீரை நிரப்பி, நின்று நின்று பக்கத்துப் பணிமனையை அடையலாம்; அந்தத் தண்ணீரை விரைவிலேயே வடித்து, சரியான கூலன்ட்டை நிரப்பிவிட வேண்டும். கசிவை அடைப்பதாகச் சொல்லி விற்கும் பொடிகளும் திரவங்களும் ஓட்டையோடு சேர்த்து நல்ல ட்யூப்களையும் அடைக்கக்கூடும் என்பதால், வேறு வழியே இல்லாத இடத்தில் மட்டும் அவற்றை நாடலாம். ஒரே ட்யூபில் சிறிய கிழிசல் என்றால் அலுமினிய வெல்டிங் தெரிந்தவர் சரிசெய்துவிடுவார். பல ட்யூப்கள் கிழிந்திருந்தாலோ, உள்ளே அரித்துப்போயிருந்தாலோ, புதிய ரேடியேட்டரே சிக்கனம்.