கியூரியை விட்டால் யார் இருக்கிறார்கள்?

கேள்வி: அன்புள்ள அக்கா, என் மகள் உயர்தரத்தில் கணிதப் பிரிவு. பெறுபேறு வந்துவிட்டது, நன்றாகச் செய்திருக்கிறாள். பொறியியல் வேண்டாம், பௌதிகவியல் படித்து ஆராய்ச்சி செய்யப் போகிறேன் என்று பிடிவாதமாக நிற்கிறாள். போன ஞாயிறு என் அண்ணா சாப்பிட வந்திருந்தார். “பொம்பிளைப் பிள்ளைகள் விஞ்ஞானத்தில் என்னத்தைக் கண்டுபிடித்தார்கள்? மேரி கியூரியை விட்டால் இன்னொரு பெயர் சொல்லு பார்ப்போம்” என்று அவளிடம் கேட்டுவிட்டார். அவளுக்கு வாயில் ஒன்றும் வரவில்லை. அன்றிலிருந்து மாமாவோடு கதைப்பதில்லை. இவளுடைய அப்பா போன பிறகு எங்களைத் தாங்கியவர் அண்ணாதான். இன்சுலின் போடுகிறவர், கோபப்படுத்தவும் பயமாக இருக்கிறது. எனக்கும் அந்தக் காலத்தில் கணக்கு நன்றாக வரும், 90இல் இடம்பெயர்ந்ததோடு படிப்பு நின்றுபோனது. நான் யார் பக்கம் நிற்பது?
– ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: தங்கச்சி, முதலில் உங்கள் அண்ணாவின் இன்சுலினைப் பற்றிக் கதைப்போம். அவர் கேட்ட பெயர் அந்த மருந்துக் குப்பியோடுதான் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

டொரதி ஹொட்ஜ்கின். இன்சுலினைக் கண்டுபிடித்தவர் இவர்தான் என்று மகள் அவசரத்தில் சொல்லிவிட வேண்டாம். அது 1921இல் கனடாவில் நடந்த வேறு கதை. மாமா போனில் தேடிப் பார்த்தால் பிள்ளை மாட்டிக்கொள்வாள். டொரதி கண்டது இன்சுலின் மூலக்கூற்றின் உருவத்தை. எந்த அணு எங்கே இருக்கிறது என்பதை. பளிங்கு ஒன்றுக்குள் எக்ஸ் கதிரைச் செலுத்தினால் மறுபக்கம் புள்ளி புள்ளியாக விழும். அந்தப் புள்ளிகளை வைத்துக் கணக்குப் போட்டு, உள்ளே இருப்பதன் வடிவத்தைப் பிடிக்க வேண்டும். சுவரில் விழும் நிழலைப் பார்த்து ஆளின் முகத்தை வரைகிற மாதிரியான வேலை. இன்சுலின் பளிங்கின் முதல் படத்தை அவர் எடுத்தது 1935இல். உருவம் பிடிபட்டது 1969இல்.

முப்பத்துநான்கு வருடங்கள்! நடுவில் அவர் சும்மா இருக்கவில்லை. பெனிசிலினின் அமைப்பையும் பி12 விட்டமினின் அமைப்பையும் கண்டார், 1964இல் நோபல் பரிசு வாங்கினார், மூன்று பிள்ளைகளை வளர்த்தார். இருபத்துநான்கு வயதிலேயே மூட்டுவாதம் பிடித்து, விரல்கள் வீங்கிக் கோணிப்போன கைகளால் செய்த வேலை இது. இன்றைக்குச் சாப்பாட்டுக்கு முன் போடும் விரைவான இன்சுலின், நாள் முழுக்க மெதுவாக வேலை செய்யும் இன்சுலின் என்று வகை வகையாக வருகிறதே, அவை மூலக்கூற்றை அங்கே இங்கே சிறிது மாற்றிச் செய்தவை. எங்கே மாற்றுவது என்று தெரிய உருவம் தெரிய வேண்டும்.

நோபல் கிடைத்த செய்திக்கு ஒரு பிரித்தானியப் பத்திரிகை போட்ட தலைப்பு என்ன தெரியுமா? ‘ஒக்ஸ்போர்ட் இல்லத்தரசிக்கு நோபல்.’ ஆக, உங்கள் அண்ணா தனி ஆள் இல்லை.

அவருக்குப் பெயர்கள் தெரியாததை நான் குற்றமாகச் சொல்லவும் மாட்டேன். பெயர்கள் காதுக்கு வராமலே போனதற்குக் காரணங்கள் உண்டு. அணுக்கருப் பிளவு என்றால் என்ன நடக்கிறது என்று முதலில் விளங்கிக்கொண்டவர்களில் ஒருவர் லீஸ் மைட்னர். யூதப் பெண் என்பதால் 1938இல் ஜெர்மனியை விட்டுத் தப்பி ஓடியவர், அந்த நத்தாருக்கு சுவீடனில் தன் பெறாமகனோடு உட்கார்ந்து கணக்குப் போட்டுக் கண்டார். 1944ஆம் ஆண்டுக்கான நோபல் அவரோடு முப்பது வருடம் வேலை செய்த ஒட்டோ ஹானுக்கு மட்டும் போனது. 1967இல் ஜோசலின் பெல் என்ற ஆராய்ச்சி மாணவி, கேம்பிரிட்ஜில் வானொலித் தொலைநோக்கி பதிந்து தள்ளிய நீளமான வரைபடத் தாள்களைக் கண்ணால் பார்த்துப் பார்த்து, துடிவிண்மீன் என்ற புது வகை நட்சத்திரத்தின் தடயத்தைப் பிடித்தார். பரிசு 1974இல் அவருடைய மேற்பார்வையாளருக்குப் போனது. செய்தியாளர்கள் வானியல் கேள்விகளை மேற்பார்வையாளரிடம் கேட்டுவிட்டு, இவரிடம் காதலன் உண்டா என்று கேட்டார்களாம். 2018இல் 30 லட்சம் டொலர் பரிசு ஒன்று கிடைத்தபோது, பௌதிகவியல் ஆராய்ச்சிக்கு வர வழியில்லாத மாணவர்களுக்கென்று முழுவதையும் கொடுத்துவிட்டார். எனக்கு இவரைக் கொஞ்சம் கூடுதலாகவே பிடிக்கும்.

வெள்ளைக்காரரின் கதை நமக்கெதற்கு என்று அண்ணா கேட்டால், மகள் அன்னா மணியைப் பற்றிச் சொல்லட்டும். திருவிதாங்கூரில் 1918இல் பிறந்தவர். எட்டாவது பிறந்தநாளுக்கு வீட்டில் வைரத் தோடு கொடுக்க, அது வேண்டாம், கலைக்களஞ்சியம் வாங்கித் தாருங்கள் என்றாராம். சென்னை மாநிலக் கல்லூரியில் பௌதிகம் படித்துவிட்டு, பெங்களூரில் சி.வி. ராமனின் ஆய்வுகூடத்துக்குப் போய் ஆராய்ந்தது எதை? வைரத்தையும் மாணிக்கத்தையும்! தோடு தேடி வந்து பழிவாங்கியது என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு. ஆனால் அந்த ஆராய்ச்சிக்கு, முதுமாணிப் பட்டம் இல்லை என்று சொல்லிச் சென்னைப் பல்கலைக்கழகம் கலாநிதிப் பட்டம் கொடுக்கவில்லை. அவர் அழுதுகொண்டு இருக்கவில்லை. லண்டன் போய் வானிலைக் கருவிகளைப் பற்றிப் படித்து, 1948இல் திரும்பி வந்து, அதுவரை வெளிநாட்டிலிருந்து இறக்கிய கருவிகளை இந்தியாவிலேயே செய்ய வழி பண்ணினார். மழை, காற்று, வெயில் அளக்கும் நூறு வரையிலான கருவிகளுக்கு வரைபடம் போட்டுத் தரம் குறித்தது அவருடைய குழு. கடைசி வரை அவர் கலாநிதி அன்னா மணி ஆகவில்லை.

நம் நாட்டுக்கே வந்தால், 1960களில் ஆண்கள் மட்டுமே நிறைந்த பொறியியல் பீடத்தில் படித்து இலங்கையின் முதல் பெண் பொறியியலாளர் என்று பெயர் எடுத்தவர் பிரேமளா சிவசேகரம். தமிழ்ப் பெண். அப்புறம் ஆஷா டி வோஸ். நீலத் திமிங்கிலங்கள் குளிர்ந்த கடலில்தான் இரை தேடும் என்று புத்தகங்கள் சொல்லிக்கொண்டிருந்தபோது, நம் கடலில் மிதந்த திமிங்கில மலத்தைப் பார்த்து ‘இங்கேயும் சாப்பிடுகின்றனவே’ என்று யோசித்தவர். மலத்தில் தொடங்கிய ஆராய்ச்சி என்று சொன்னால் அண்ணா சாப்பாட்டு மேசையில் முகம் சுளிப்பார், அதைச் சாப்பாடு முடிந்த பின் சொல்லலாம்.

சரி, இத்தனை பெயர் சொல்லிவிட்டேன். இவற்றை மகள் மனப்பாடம் செய்து ஒப்புவித்தால் அண்ணா மனம் மாறிவிடுவாரா? மாட்டார். உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்ததில், அண்ணாவின் மனதில் ஓடுவது இதுதான் என்று எனக்குப் பட்டது: தகப்பன் இல்லாத பிள்ளை, பொறியியல் என்றால் வேலை நிச்சயம், இவள் தெரியாத பாதையில் போகிறேன் என்கிறாள், நான் எத்தனை காலம் இருப்பேனோ, ஊசி போடுகிறவன். அதை அப்படிச் சொல்ல வராமல், பெயர் சொல்லு பார்ப்போம் என்று கேட்டிருக்கிறார். நம் ஆண்கள் பயத்தைப் பெரும்பாலும் நக்கலாகத்தான் கொண்டுவந்து வைப்பார்கள்.

அந்தப் பயத்துக்கு நேரான பதில் வேண்டும். சிறப்புப் பட்டம் நான்கு வருடம். ஆராய்ச்சி என்றால் அதற்கு மேல் கலாநிதிப் பட்டம், அனேகமாக வெளிநாட்டில், இன்னும் நாலைந்து வருடம். விஞ்ஞானத்தில் அதற்கு உதவித்தொகையோடு இடம் கிடைப்பது அபூர்வம் இல்லை. ஆனாலும் பொறியியலுக்குப் போன தோழிகள் சம்பளம் எடுத்து வீடு கட்டும்போது இவள் படித்துக்கொண்டிருப்பாள். இதை மறைக்காமல் மகளே மாமாவிடம் சொல்ல வேண்டும். ஆராய்ச்சி சரிவராவிட்டால் என்ன என்பதையும் சொல்லட்டும். பௌத்தாலோக மாவத்தையில் வளிமண்டலவியல் திணைக்களம் இருக்கிறது. மகரகம புற்றுநோய் வைத்தியசாலையில் கதிர்ச் சிகிச்சைக்கு அளவு கணிப்பவர்கள் மருத்துவ பௌதிகவியலாளர்கள். இரண்டுக்கும் பௌதிகம் படித்தவர்கள் வேண்டும். கொழும்புப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடம் உங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச நேரம்தானே, ஒரு நாள் மூன்று பேருமாகப் போய் அங்கே படிப்பிக்கும் பெண் ஒருவரிடம் கதைத்துப் பாருங்கள். அண்ணா கட்டாயம் வர வேண்டும். கேள்வி கேட்பவர் அவர்தானே.

யார் பக்கம் என்று கேட்டீர்கள். 90ஐப் பற்றி ஒரே ஒரு வரி எழுதிவிட்டுக் கடந்து போய்விட்டீர்கள். அந்த வரியை அண்ணாவிடம் என்றைக்காவது வாய்விட்டுச் சொன்னதுண்டா? மகளிடம்? இருவரும் இருக்கும்போது ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். அதற்குப் பிறகு பக்கம் பார்க்கும் வேலை இருக்காது என்று நினைக்கிறேன்.

வரும் ஞாயிறு அவரைச் சாப்பிடக் கூப்பிடுங்கள். மகள் இன்னும் கதைக்காவிட்டால் பரவாயில்லை, வற்புறுத்த வேண்டாம். சாப்பாட்டுக்கு முன் மாமாவின் இன்சுலினை எடுத்துக் கொடுப்பதை மட்டும் அவளிடம் விடுங்கள்.