கழுத்தெலும்பு முறிந்து கைகால் செயலிழந்த என் தம்பியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அரசுச் செவிலியர் எப்போதாவதுதான் வருவார் என்கிறார்கள். முழுநேர நர்ஸ் ஒருவரை அமர்த்தியே ஆக வேண்டுமா?

கிராமங்களில் வீடு வீடாகச் சென்று, படுக்கையில் இருப்பவர்களைக் கவனிக்கும் செவிலியராகப் பல ஆண்டுகள் பணியாற்றியவள் என்ற முறையில் இதற்குப் பதில் எழுதுகிறேன். உங்கள் தம்பி செயற்கைச் சுவாசக் கருவியின் துணையின்றி மூச்சு விடுகிறார், தொண்டையில் குழாய் இல்லை என்றால், முழுநேர நர்ஸ் பெரும்பாலும் தேவைப்படாது. மாதத்தில் ஓரிரு முறை வருகிறவரிடமிருந்து வீட்டில் இருப்பவர்கள் வேலையைக் கற்றுக்கொண்டால் அதுவே போதுமானதாகிவிடும். அவர் வந்து சிறுநீர்க் குழாயை மாற்றிவிட்டுப் போகட்டும் என்று நீங்கள் வாசலில் நின்றுகொண்டிருந்தால், தினமும் வந்தாலும் போதாது.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைப் பலரும் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுக்கும் திட்டமாகவே அறிந்திருக்கிறார்கள். நோயாளியின் வலியையும் வேதனையையும் குறைக்கும் நோய் ஆதரவுச் சிகிச்சை, இயன்முறைச் சிகிச்சை (பிசியோதெரபி) ஆகியவையும் அதில் உண்டு. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலுடன் நேரில் சென்று, தம்பியின் பெயரைப் பதிந்துகொள்ளச் சொல்லுங்கள். பட்டியலில் பெயர் இல்லாத வீட்டுக்கு வண்டி வராது.

செவிலியர் முதல் முறை வரும்போது, அவர் தம்பியின் முதுகைத் திருப்பிப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். பார்க்காவிட்டால் நீங்களே கேளுங்கள். உணர்ச்சியற்ற உடம்பில் படுக்கைப் புண் வலிக்காது. ஆகவே கண்ணால் பார்ப்பதைத் தவிர அதைக் கண்டுபிடிக்க வேறு வழி கிடையாது. முதுகின் அடிப்பகுதி, இடுப்பின் இரு பக்கங்கள், குதிகால், கணுக்கால், பின்னந்தலை ஆகிய இடங்களைக் காலையும் மாலையும் பார்க்க வேண்டும். சிவந்தோ கருத்தோ இருக்கும் இடத்தை விரலால் அழுத்தி எடுக்கும்போது நிறம் மாறாமல் அப்படியே நின்றால் புண் ஏற்கெனவே தொடங்கிவிட்டது என்று பொருள். அந்தப் பக்கம் படுக்கவைப்பதை உடனே நிறுத்த வேண்டும். அந்த இடத்தைத் தேய்த்துவிடக் கூடாது. எண்ணெய் போட்டு நீவுவது நம் வீடுகளில் அன்பின் அடையாளம் என்பதை அறிவேன், ஆனாலும் கூடாது. நடுவில் ஓட்டை உள்ள வட்டக் காற்றுத் திண்டும் கூடாது, அது ஓட்டையைச் சுற்றியுள்ள சதையின் இரத்த ஓட்டத்தை நெரித்துவிடும். ஏர் பெட் நல்லதுதான், ஆனால் அதை வாங்கிவிட்டதால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்கும் வேலை தீர்ந்துவிட்டது என்று நினைத்த வீடுகளில்தான் மிக ஆழமான புண்களைக் கண்டிருக்கிறேன்.

அடுத்தது சிறுநீர். நிரந்தரக் குழாய் போட்டிருந்தால், பை எப்போதும் சிறுநீர்ப்பையின் மட்டத்துக்குக் கீழே தொங்க வேண்டும். குழாய் மாற்ற வேண்டிய தேதியைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள், ஏனென்றால் சாதாரண ரப்பர் குழாயும் சிலிக்கான் குழாயும் தாங்கும் காலம் வேறு வேறு. சில மணி நேரத்துக்கு ஒருமுறை குழாய் செருகி வடித்துவிட்டு எடுத்துவிடும் முறையை மருத்துவர் பரிந்துரைத்தால் அஞ்ச வேண்டாம். இதற்கு அறுவை அரங்கின் அளவுக்குத் தூய்மை அவசியமில்லை, சோப்பிட்டுக் கழுவிய சுத்தமான கைகளே போதும் என்று ஜாக் லாபிடஸ் என்ற அமெரிக்கச் சிறுநீரக மருத்துவர் 1972-இல் எழுதிய பிறகுதான் இது வீட்டில் உள்ளவர்களும் செய்யக்கூடிய வேலையாயிற்று. செவிலியர் ஒருமுறை செய்து காட்டட்டும். அடுத்த முறை அவர் கண் முன்னால் நீங்கள் செய்யுங்கள்.

கழுத்தில் அடிபட்டவர் வீட்டில் எல்லோரும் அறிந்திருக்க வேண்டிய ஆபத்து ஒன்று உண்டு. டிஸ்சார்ஜ் நாளின் பரபரப்பில் அதை யாரும் விளக்கியிருக்க மாட்டார்கள் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். மார்புப் பகுதியின் 6-ஆம் முள்ளெலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களுக்கு, உணர்ச்சியற்ற பகுதியில் ஏற்படும் ஒரு சிறு தொல்லை, உதாரணமாக மடங்கிய சிறுநீர்க் குழாயோ கட்டிப்பட்ட மலமோ, இரத்த அழுத்தத்தைத் திடீரென்று தாறுமாறாக ஏற்றிவிடும். இதை ஆட்டோநாமிக் டிஸ்ரிஃப்ளெக்சியா என்பார்கள். தலை வெடிப்பது போன்ற வலி, முகச் சிவப்பு, கழுத்துக்கு மேல் வியர்வை ஆகியவை இதன் அடையாளங்கள். இவர்களுடைய வழக்கமான இரத்த அழுத்தத்தின் மேல் அளவே 90 முதல் 110 வரைதான் இருக்கும் என்பதால், 140 என்று காட்டும் கருவியைப் பார்த்து ஒன்றுமில்லை என்று சொல்லிவிடுகிறவர்களும் உண்டு. அப்போது அவரைப் படுக்கவைக்காதீர்கள். நிமிர்த்தி உட்காரவையுங்கள், இறுக்கமான துணிகளைத் தளர்த்துங்கள், குழாய் மடங்கியிருக்கிறதா, பை நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். அதைச் சரிசெய்தும் இரத்த அழுத்தம் இறங்காவிட்டால் 108-ஐ அழையுங்கள். தம்பி நலமாக இருக்கும்போது அவருடைய இரத்த அழுத்தத்தைச் செவிலியரை அளக்கச் சொல்லி, அந்த அளவையும் இந்த நோயின் பெயரையும் ஒரு சீட்டில் எழுதி அவருடைய மருத்துவக் கோப்பின் முதல் பக்கத்தில் வைத்துவிடுங்கள்; வெளியூர் மருத்துவமனையில் அந்தச் சீட்டு உங்களுக்காகப் பேசும்.

மலம் கழிக்க ஒரு நேரத்தை முடிவுசெய்து, சாப்பிட்ட அரை மணி நேரத்துக்குள் அதே நேரத்தில் பழக்குங்கள். மற்றதைச் செவிலியர் செய்து காட்டுவார்.

பணம் கொடுத்து ஆள் வைப்பதென்றால், ஏஜென்சிகள் 'ஹோம் நர்ஸ்' என்று அனுப்புகிறவர்களில் பலர் செவிலியர் படிப்பு முடிக்காத உதவியாளர்கள் என்பதை அறிந்திருங்கள். குளிப்பாட்டவும் புரட்டவும் தூக்கி உட்காரவைக்கவும் அவர்கள் பெரிய துணை. அதற்குரிய ஊதியத்தை மனம் கோணாமல் கொடுங்கள். குழாய் மாற்றுவது, புண்ணுக்கு மருந்திட்டுக் கட்டுவது போன்றவற்றுக்கு மட்டும் தமிழ்நாடு செவிலியர் குழுமத்தில் பதிவு பெற்றவரா என்று கேட்டுச் சான்றிதழைப் பாருங்கள்.

செலவைச் சமாளிக்க, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் பராமரிப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள். 2023 ஜனவரி முதல் அது மாதம் 2,000 ரூபாய். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, உயர் ஆதரவு தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் உதவித்தொகை பற்றியும் பேசுகிறது. அதற்கும் சேர்த்தே கேளுங்கள். இரண்டுக்கும் முதலில் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை தேவை. மருத்துவப் பரிசோதனைக்குத் தம்பியைத் தூக்கிச் செல்ல வேண்டியிருக்கும் என்பதால், அன்றைக்கு உட்காரும் நேரத்துக்கேற்ப நல்ல மெத்தைத் திண்டு ஒன்றையும் மாற்றுச் சிறுநீர்ப் பை ஒன்றையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.