சட்டப் பக்கம்: எங்கள் பூட்டுக்கு மேல் வீட்டுக்காரர் பூட்டு!

கேள்வி: அம்பத்தூரில் ஒரு மாடிப் போர்ஷனில் ஆறு வருடமாக வாடகைக்கு இருக்கிறோம். வாடகை 8,500, அட்வான்ஸ் 50,000. கணவர் லேத் பட்டறையில் வேலை பார்க்கிறார். நான் வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். ஒப்பந்தம் எதுவும் எழுதவில்லை. “நமக்குள்ள எதுக்கும்மா பேப்பரு?” என்றார் வீட்டுக்காரர். பொங்கல் கழிந்ததும், பேச்சிலர் பசங்களுக்கு விட்டால் இரண்டு மடங்கு வாடகை வரும், ஒரு வாரத்தில் காலி செய்யுங்கள் என்று ஆரம்பித்தார். பெரியவனுக்குப் பிளஸ் டூ பரீட்சை முடியட்டும் என்று கெஞ்சினோம். முதலில் மோட்டார் போடுவதை நிறுத்தினார். அப்புறம் மீட்டர் பெட்டியிலிருந்து எங்கள் பீஸ்கட்டையைப் பிடுங்கிக்கொண்டார். போன ஞாயிறு அரக்கோணத்தில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டு வந்து பார்த்தால், எங்கள் பூட்டுக்கு மேல் அவர் ஒரு பூட்டு போட்டிருக்கிறார். தையல் மெஷின், வாடிக்கைக்காரர்களின் துணி, பையனுடைய ஹால் டிக்கெட் எல்லாம் உள்ளே. ஸ்டேஷனுக்குப் போனால், “இது சிவில் மேட்டரும்மா, கோர்ட்டுக்குப் போங்க” என்கிறார்கள். வீடு அவருடையதுதானே மேடம், நாங்கள் என்ன செய்ய முடியும்?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, அம்பத்தூர்)

பதில்: நிறையவே செய்ய முடியும், சகோதரி. வீடு அவருடையதுதான். ஆனால் அதில் குடியிருப்பது நீங்கள். அந்தக் குடியிருப்பைப் பறிக்க நீதிமன்ற உத்தரவு வேண்டும், வீட்டுக்காரர் போடும் பூட்டு போதாது. 1989-ல் கிருஷ்ண ராம் மஹாலே வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஒரு இடத்தில் நிலையாக இருந்துவரும் ஒருவருக்கு அங்கே இருக்க உரிமையே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், சட்டத்தின் வழியில் அல்லாமல் உரிமையாளர் அவரை வெளியேற்றக் கூடாது. ஆறு வருடம் ஒழுங்காக வாடகை கொடுத்தவர் நீங்கள். உங்களுக்கு இது இன்னும் அழுத்தமாகவே பொருந்தும்.

பூட்டில் கை வைக்காதீர்கள். அவருடையதையும் உடைக்க வேண்டாம், உங்களுடையதையும் கழற்ற வேண்டாம். கோபத்தில் சுத்தியலை எடுத்தால், மறுநாளே “என் பூட்டை உடைத்தார்கள், உள்ளே இருந்த பொருளைக் காணோம்” என்று உங்கள் மேல் ஒரு புகார் வரும். அந்த இரண்டு பூட்டும் ஒரே படத்தில் விழும்படி போட்டோ எடுங்கள். நீங்கள் காலி செய்யவில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது, காலி செய்துவிட்டுப் போகிறவர் தன் பூட்டைத் தொங்கவிட்டுப் போக மாட்டார். மீட்டர் பெட்டியில் பீஸ்கட்டை இல்லாத ஓட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஹால் டிக்கெட்டுக்காகப் பதற வேண்டாம். தலைமையாசிரியரிடம் சொன்னால் வேறு பிரதிக்கு ஏற்பாடு செய்வார்.

அடுத்தது ஸ்டேஷன். அவர்கள் சிவில் மேட்டர் என்று கைகழுவியதற்கு, நீங்கள் விஷயத்தைச் சொன்ன விதமும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். வாடகை, அட்வான்ஸ், பேச்சிலர் பசங்கள் என்று தொடங்கினால் ஏட்டையா பேனாவை மூடிவிடுவார். நான் இப்படிப் புகாருடன் வருகிறவர்களுக்குச் சொல்வது, முதல் பத்தியில் வாடகை என்ற பேச்சே வரக் கூடாது என்பதுதான். “நான் ஊரில் இல்லாத நேரத்தில் என் வீட்டுக் கதவில் இன்னார் பூட்டு போட்டு, என்னையும் என் பிள்ளைகளையும் உள்ளே போக விடாமல் தடுக்கிறார். என் தொழில் கருவியும் பிறர் துணிகளும் உள்ளே இருக்கின்றன” என்று எழுதுங்கள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 126-வது பிரிவு, போக உரிமை உள்ள இடத்துக்குப் போக விடாமல் ஒருவரைத் தடுப்பதைக் குற்றம் என்கிறது. மிரட்டியிருந்தால் 351. உள்ளே புகுந்து பொருளை எடுத்திருந்தால் அது தனிக் கதை. புகாரைக் கொடுத்துவிட்டு, அதைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தரும் சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் படி இறங்காதீர்கள். வாங்க மறுத்தால், அதே புகாரை ஆணையர் அலுவலகத்துக்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம்.

ஒரு எச்சரிக்கை. ஸ்டேஷனில் இரண்டு தரப்பையும் உட்கார வைத்து, “பத்து நாளில் காலி செய்கிறேன்னு எழுதிக் கொடும்மா, பூட்டை எடுக்கச் சொல்றேன்” என்பார்கள். கேட்க நியாயமாக இருக்கும். கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். வாடகைத் தகராறில் நாள் குறிக்கும் அதிகாரம் காவல் நிலையத்துக்குக் கிடையாது.

இனி சிவில் பக்கம். 2019 பிப்ரவரியிலிருந்து நம் நகரங்களில் நடைமுறையில் இருப்பது 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம். 1960-ஆம் வருடத்துப் பழைய சட்டம் போய்விட்டது. புதிய சட்டத்தின் 20-வது பிரிவின்படி தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை வீட்டுக்காரர் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி அவர். விசாரணை முடியும் முன்பே இணைப்பைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி இடைக்கால உத்தரவு போட அவருக்கு அதிகாரம் உண்டு.

வீட்டுக்குள் திரும்பிப் போக உரிமையியல் நீதிமன்றம். 1963-ஆம் ஆண்டு குறித்தவகைத் தீருதவிச் சட்டத்தில், வக்கீல்கள் வாய்வழக்கில் ஸ்பெசிஃபிக் ரிலீஃப் ஆக்ட், 6-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. சட்ட வழியில் அல்லாமல் வெளியேற்றப்பட்டவர், வெளியேற்றிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் இதன்கீழ் வழக்குப் போட்டு இடத்தைத் திரும்பப் பெறலாம். வீடு யாருடையது என்ற கேள்வியே அதில் வராது. நேற்று வரை உள்ளே இருந்தது யார், வெளியே தள்ளியது எப்படி என்பதுதான் கேள்வி. ஒப்பந்தம் இல்லாவிட்டால் என்ன? மாதாமாதம் ஜிபேயில் அனுப்பிய வாடகை, கேஸ் புத்தகம், ரேஷன் கார்டு, பிள்ளைகளின் பள்ளிச் சான்றில் உள்ள முகவரி, அக்கம்பக்கத்தார் சாட்சி எல்லாம் பேசும்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்று தயங்காதீர்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி தர வேண்டும் என்கிறது 1987-ஆம் ஆண்டுச் சட்டம். நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் குழுவுக்குப் போங்கள், அல்லது 15100-க்கு போன் செய்யுங்கள். மனுவை உங்கள் பெயரிலேயே போடுங்கள், கணவர் பெயரில் வேண்டாம்.

இந்த மாத வாடகையையும் அனுப்புங்கள். “பூட்டின வீட்டுக்கு எதுக்கு வாடகை?” என்று கணவர் கேட்பார். நியாயமான கேள்விதான். ஆனால் பாக்கி விழுந்தால் அதுவே வீட்டுக்காரர் கையில் ஆயுதமாகும். பணத்தை அவர் ஏற்க மறுத்தால் மணியார்டர் அனுப்புங்கள். அதையும் திருப்பினால் வாடகை அதிகாரியிடம் கட்ட வழி இருக்கிறது.

கசப்பானதையும் சொல்லிவிடுகிறேன். எழுத்து ஒப்பந்தம் செய்யாததையே காலி செய்யச் சொல்வதற்கான காரணங்களில் ஒன்றாக வாடகைச் சட்டத்தின் 21-வது பிரிவு வைத்திருக்கிறது. பேப்பர் எதற்கு என்று சொன்னவரே நாளை இதைக் காட்டி வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம். அதனால் அந்த வீட்டில் காலமெல்லாம் இருக்கலாம் என்று நான் நம்பிக்கை தர மாட்டேன். ஆனால் அவரும் மனுப் போட்டு, நோட்டீஸ் கொடுத்து, உத்தரவு வாங்கித்தான் ஆக வேண்டும். பையன் பரீட்சை எழுதவும் வேறு வீடு பார்க்கவும் அந்த அவகாசம் உங்களுக்குக் கிடைக்கும். சமாதானம் பேச வந்தால் பேசுங்கள். காலி செய்யும் தேதி எழுத்தில் இருக்கட்டும். 50,000-மும் கணக்கில் ஏறிய பிறகு சாவியைக் கொடுங்கள். “வெள்ளை அடிக்க ஒரு மாத வாடகை பிடிப்போம்” என்று அப்போதுதான் ஆரம்பிப்பார்கள். ஆறு வருடத்தில் சுவர் பழசாவதற்குக் குடித்தனக்காரர் பொறுப்பல்ல என்று சொல்லுங்கள்.

கேள்வி: எல்லோரும் குடித்தனக்காரருக்கே சொல்கிறீர்கள். என் வீட்டில் இருப்பவர் நான்கு மாதமாக வாடகை தரவில்லை. நான் பூட்டு போடாமல் என்ன செய்வது?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், குரோம்பேட்டை)

பதில்: பூட்டு போட்டால் அவர் உங்கள் மேல் வழக்குப் போடுவார் ஐயா, நான்கு மாத பாக்கியும் பின்னால் போய்விடும். பாக்கி இரண்டு மாதத்தைத் தாண்டினாலே சட்டம் உங்கள் பக்கம்தான். மொத்தப் பாக்கியைக் கேட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். ஒரு மாதத்துக்குள் முழுவதும் கட்டிவிட்டால், அந்தக் காரணத்துக்காக அவரை வெளியேற்ற முடியாது. கட்டாவிட்டால் வாடகை நீதிமன்றம் போகலாம். ஒப்பந்தம் பதிவு செய்திருக்கிறீர்களா என்று எழுதவில்லையே? இல்லையென்றால் மனு தயாராகும் முன் அந்தத் தாளோடு ஒரு வக்கீலைப் பாருங்கள்.