வலி மாத்திரை: ஊசிக்கு மாறினால் இரைப்பை தப்புமா?

கேள்வி: எனக்கு வயது 64. முழங்கால் மூட்டுத் தேய்மானத்துக்காக ஓராண்டாக டைக்ளோஃபினாக் 50 மி.கி. மாத்திரையைத் தினமும் இரு வேளை சாப்பிடுகிறேன். மாரடைப்பு வந்ததால் ஆஸ்பிரின் 75 மி.கி.யும் உண்டு. உணவுக்குப் பிறகே சாப்பிட்டும் சில மாதங்களாக வயிறு எரிகிறது. ஜெல் மருந்து குடித்துச் சமாளிக்கிறேன். மாத்திரைக்குப் பதிலாக ஊசி போட்டுக்கொண்டால் வயிறு கெடாது என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மையல்ல. மாத்திரை இரைப்பைச் சுவரில் நேரடியாகப் படுவதால் விளையும் கேடு சிறிதே; பெரும் கேடு மருந்து இரத்தத்தில் கலந்த பிறகுதான் நேர்கிறது. இரைப்பை தன் அமிலத்தால் தானே அரிபடாமல் இருப்பதற்குக் காரணம், அதன் உட்சுவரைப் போர்த்தியிருக்கும் சளிப்படலமும், அமிலத்தை மட்டுப்படுத்தும் பைகார்பனேட்டும், சுவருக்குள் குறைவின்றிப் பாயும் இரத்தமும்தான். இவற்றைக் காத்துவருபவை புரோஸ்டாகிளாண்டின் என்னும் வேதிப்பொருள்கள். மூட்டில் வலியையும் வீக்கத்தையும் தூண்டுபவையும் இந்த இனத்தைச் சேர்ந்தவையே என்பதால், அவற்றின் உற்பத்தியைத் தடுக்கும் டைக்ளோஃபினாக் போன்ற மருந்து வலியைக் குறைக்கும்போதே இரைப்பையின் காவலையும் குலைத்துவிடுகிறது. ஆஸ்பிரின் இவ்வாறு செயல்படுவதைப் பிரிட்டிஷ் மருந்தியல் அறிஞர் ஜான் வேன் 1971-இல் கண்டறிந்தார்.

உணவுக்குப் பிறகு சாப்பிடுவதால் எரிச்சல் குறையலாம். புண் வராது என்று சொல்ல முடியாது. ஜெல் மருந்தும் சிறிது நேரம் அமிலத்தைத் தணிப்பதோடு சரி. எரிச்சலே இல்லாமல், முதல் அறிகுறியாக இரத்தக் கசிவோடு வருபவர்களும் உண்டு என்பதுதான் என்னைக் கவலைப்படுத்துகிறது.

உங்கள் வயதும், ஆஸ்பிரினும் டைக்ளோஃபினாக்கும் சேர்ந்திருப்பதும் ஆபத்தைப் பல மடங்காக்குகின்றன. இரைப்பையை விட்டுவிட்டுப் பார்த்தாலும், மாரடைப்பு வந்தவருக்கு டைக்ளோஃபினாக் ஏற்றதன்று. ஆகவே அதை நிறுத்திவிட்டு, முழங்காலில் தடவும் டைக்ளோஃபினாக் களிம்பு, தேவைப்படும்போது மருத்துவர் சொல்லும் அளவில் பாராசிட்டமால், தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சி ஆகியவற்றுக்கு மாறுங்கள். களிம்பிலிருந்து இரத்தத்தில் சேரும் மருந்து மிகக் குறைவு. ஆஸ்பிரினை மட்டும் இதய மருத்துவரைக் கேட்காமல் ஒருநாளும் நிறுத்தக்கூடாது. உடல் வலிக்கென்று மருந்துக் கடையில் பிரித்துத் தரும் மாத்திரைகளில் இதே வகை மருந்தோடு ஸ்டீராய்டும் கலந்திருக்கக்கூடும் என்பதால் அவற்றைத் தொடவே வேண்டாம்.

ஆஸ்பிரின் தொடரும்வரை இரைப்பைக்குப் பாதுகாப்பு தேவை. அதற்குப் பான்டோபிரசோல் போன்ற அமிலச் சுரப்பைத் தடுக்கும் மாத்திரையைக் காலை உணவுக்கு அரை மணி நேரம் முன்பு, மருத்துவர் குறிக்கும் அளவில், எரிச்சல் இல்லாத நாள்களிலும் தவறாமல் சாப்பிட வேண்டும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் குளோபிடோக்ரெல் மாத்திரையும் சாப்பிடுகிறீர்களானால், பான்டோபிரசோல் வகையிலேயே உள்ள ஒமிபிரசோலைத் தவிர்ப்பது நல்லது. சில மாதங்களாக எரிச்சல் நீடிப்பதால், குடல் மருத்துவரிடம் சென்று எண்டோஸ்கோப்பி செய்துகொள்ளுங்கள்; புண்ணை உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். இருந்தால் அதை ஒழிக்கும் சிகிச்சை புண் மீண்டும் வருவதை வெகுவாகக் குறைக்கும்.

மலம் தார்போல் கறுத்துப் பிசுபிசுப்பாகவும் கடும் நாற்றத்துடனும் போனாலோ, காப்பித்தூள் நிறத்தில் வாந்தி வந்தாலோ, எழுந்து நிற்கையில் தலைசுற்றி வியர்த்தாலோ, இரவாக இருந்தாலும் விடியும்வரை காத்திராமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும். ஆனால் அதை நீங்களாகவே முடிவுசெய்ய வேண்டாம்.